அனுப்பப்பட்டவர்கள்

காரில் தூங்கத் தொடங்கி இருபத்து மூன்றாம் நாள் காலையில்தான் மெர்லினின் ஜன்னல் கண்ணாடியை முதன்முதலாக ஒருவர் தட்டினார்.

கயத்தாறுக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருந்த சார்ஜ் நிலையம் அது. பெட்ரோல் பங்க்குகள் சார்ஜ் நிலையங்களாக மாறிப் பத்து வருடம் ஆகியிருந்தது. வண்டி சார்ஜ் ஆகும்வரை காத்திருக்க நிழல், குளிக்க அறை, துணி துவைக்க இயந்திரம் எல்லாம் அங்கேயே உண்டு. அதனால் வீடு இருந்தும் இல்லாமலும் காரிலேயே நாட்களைக் கழிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். இருக்கையை மல்லாத்திப் போட்டால் படுக்கை. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மெர்லினுக்கு அது வசதியாக இருந்தது.

தட்டியது ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண். தலையில் முக்காடு, கையில் பிளாஸ்க்.

"சுக்குக் காப்பி போட்டேம்மா. எனக்கு மட்டும் போட்டா அளவே சரியா வரமாட்டேங்கு. ஒரு வாய் குடிக்கியளா?"

மெர்லின் கண்ணாடியை இறக்கினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் இறக்கினாள். ஆனால் அந்தப் பெண் அதற்குள் டம்ளரை நீட்டிவிட்டாள்.

அவள் பெயர் சுபைதா. மேலப்பாளையத்துக்காரி. பக்கத்தில் ஒரு வெள்ளை வேனை நிறுத்தியிருந்தாள். மூன்று நாள் அங்கேயே இருந்தாள். மூன்றாம் நாள், எதுவும் கேட்காமலே, மெர்லின் தன்னைப் பற்றிச் சொன்னாள்.

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலை. கணவர் ஜஸ்டின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். வயிற்று வலி என்று ஒரு நாள் அவள் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்தார். ஸ்கேனை அவளே எடுத்தாள். திரையில் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. டாக்டர் வெளியூர் போயிருந்ததால் அறிக்கை வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் ஜஸ்டினிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழு வாரத்தில் அவர் போய்விட்டார்.

"எட்டு மாசம் ஆச்சு. நான் இன்னும் அழல்ல," என்றாள் மெர்லின். "வரல்ல. அவ்வளவுதான். எல்லாரும் தைரியசாலின்னு சொல்லுறாங்க."

சுபைதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக் கட்டிலில் மெர்லினுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நாள் மதியம் காய்கறி வாங்கிவிட்டுக் காரில் உட்கார்ந்தவள் அப்படியே நாலு மணி நேரம் தூங்கிப்போனாள். மறுநாளும் காருக்கே போனாள். பத்தாம் நாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். எங்கே என்று முடிவு செய்யவில்லை. துக்கம் தாங்காமல் ஓடுகிறாள் என்று உறவினர்கள் நினைத்தார்கள். ஓடும் அளவுக்கு அவளுக்குள் எதுவும் இருக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால், அது நம்முடையது போலவே இருக்காது அல்லவா, உடம்பு முழுக்க அவளுக்கு அப்படி இருந்தது.

நாலாம் நாள் காலையில் சுபைதா விடைபெற்றாள்.

"வாரேம்மா. இங்க வந்த பொறவுதான் நல்லாத் தூங்குதேன். அல்லா உனக்கு நல்லது செய்யட்டும்."

அதன் பிறகு வழியில் இன்னும் சிலர் வந்தார்கள். விராலிமலை அருகே ஒரு கணவன் மனைவி, மழை பெய்தபோது தங்கள் தார்ப்பாயின் கீழ் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். கரூரில் கல்லூரிப் பெண் ஒருத்தி, அவளைத் தாயக்கட்டம் ஆடக் கூப்பிட்டு மூன்று ஆட்டமும் தோற்றாள். சாலையில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்களே என்று மெர்லின் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததில் அவளுக்கு மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. ஆனால் நினைத்தாள்.

*

தொப்பூர் மலைப்பாதையைத் தாண்டியதும் வரும் சார்ஜ் நிலையத்தில், ஒரு மாலை ஐந்து மணிக்கு, குணசீலன் வந்தார்.

அறுபதை ஒட்டிய வயது. இஸ்திரி போட்ட சட்டை. அப்போதுதான் சவரம் செய்த முகத்தில் இரண்டு இடத்தில் கீறல். கண்ணாடிக்கு ஓரடி தள்ளி நின்று, மனப்பாடம் செய்ததைப் போலச் சொன்னார்.

"வணக்கம் மேடம். என் பேரு குணசீலனுங்க. அந்தப் பழைய கார் என்னுதுதான். வேகவெச்ச கடலை வாங்கினேன். நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கங்க."

மெர்லின் கண்ணாடியை இறக்கவில்லை. தனியாக இருக்கும் பெண்ணிடம் ஓர் ஆண் இப்படி வந்து நிற்பதில் அவளுக்குப் பழைய பழக்கமான எச்சரிக்கை இருந்தது. மரத்துப்போன உடம்பிலும் அது மட்டும் மரக்கவில்லை.

"வேண்டாம்," என்று கையை ஆட்டினாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். அதே சட்டை.

இந்த முறை மெர்லின் கதவைத் திறந்து இறங்கினாள். "ஒரு பொம்பள தனியா இருந்தா வந்து பேசணும்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

குணசீலன் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

"அருகிருப்புன்னு ஒரு அறக்கட்டளைலதானுங்க சொன்னாங்க," என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "நான் தப்பா எதும் வரலீங்க. பாருங்க, உங்க வண்டி நம்பர்தானே?"

அவளுடைய வண்டி எண்தான். அதன் கீழே இப்படி இருந்தது: 'பெண், வயது 47. கணவர் இறந்து எட்டு மாதம். இன்னும் அழவில்லை. பேச்சுத் துணை தேவை.'

மெர்லின் அதை இரண்டு முறை படித்தாள். அழவில்லை என்பதை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள்.

"எத்தனை பேருக்கு இது போயிருக்கு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கு வரும்னு சொன்னாங்க."

சுக்குக் காப்பி. தார்ப்பாய். தாயக்கட்டம். ஒவ்வொன்றும் வரிசையாக நினைவுக்கு வந்து, வந்த வேகத்தில் வேறு ஒன்றாக மாறியது. அந்தப் பெண் வேண்டுமென்றே தோற்றிருக்கிறாள்.

"போயிருங்க," என்றாள் மெர்லின். குரல் உயரவில்லை. "உங்க சேவை எனக்கு வேண்டாம். உங்க மூஞ்சியே எனக்குப் பார்க்க வேண்டாம்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்ததை அவள் பார்த்தாள். பொட்டலத்தை அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் தன் காரை நோக்கி நடந்தார். மெர்லின் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

*

அருகிருப்பின் எண்ணைக் கண்டுபிடித்து அவள் பேசியபோது கிருஷ்ணகிரி நெருங்கியிருந்தது. வண்டியை ஓரம் கட்டினாள். பேசியவள் பெயர் பூர்ணிமா. இளங்குரல்.

"என் வண்டியில உட்கார்ந்து ஒட்டுக் கேக்க உங்களுக்கு யாரு அனுமதி கொடுத்தா?"

"ஒட்டுக் கேக்கறதில்ல மேடம். டிரைவர் தூங்கிடாம இருக்க எல்லா சீட்டுலயும் நாடி, மூச்சு பாக்கற கருவி இருக்கே, அதோட அளவு எங்களுக்கு வரும். வண்டி வாங்கும்போது நீங்க ஒப்புதல் குடுத்திருக்கீங்க. எங்க அறக்கட்டளை அதை வெச்சு, கார்லயே தனியா இருக்கறவங்கள்ல யாருக்குத் துணை தேவைன்னு பாக்குது. பக்கத்துல இருக்கற ஒருத்தரை அனுப்புது. அவ்வளவுதான்."

"அழவில்லைங்கறது நாடியில தெரியுமா?"

"வந்து பார்த்தவங்க ஒரு வரி எழுதுவாங்க மேடம்."

"என் பேரை எடுத்துருங்க. அந்த குணசீலனையும் எடுத்துருங்க. ஒரு ஆம்பளைய அனுப்பியிருக்கீங்க."

"பொதுவா அனுப்ப மாட்டோம். அந்தப் பக்கம் ஆள் கிடைக்கல. விதியைத் தளர்த்திட்டாங்க. தப்புதான் மேடம்." மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தணிந்தது. "மேடம், நீங்க புகார் பதிஞ்சா அவரை நீக்கியாகணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். இதை நான் சொல்லக்கூடாது. வேலை போயிடும்."

"சொல்லுங்க."

"உங்களுக்கு ஆபத்து எதுவும் இல்ல. உங்க அளவு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆபத்துல இருக்கறது நீங்க இல்ல, உங்களைத் தேடி வந்தாரே, அவர்தான்."

மெர்லினுக்குப் புரியவில்லை.

"ஒருத்தர்கிட்ட போய் உங்களுக்கு உதவி வேணும்னு சொன்னா கதவைச் சாத்திக்கிடுவாங்க மேடம். ஆரம்பத்துல அப்படித்தான் பண்ணோம், ஒருத்தரும் திறக்கல. அதனால மாத்திட்டாங்க. உங்களுக்காக ஒருத்தர் காத்திருக்காங்கன்னு சொன்னா எழுந்து குளிப்பாங்க, சட்டை மாத்துவாங்க, போவாங்க. போறவங்கதான் நோயாளி. அவருக்குத் தெரியாது."

"அப்ப நான்?"

"நீங்க…"

"நான் மருந்தா?"

"அப்படின்னு வெச்சுக்கலாம் மேடம்."

"சுபைதா?"

"மத்தவங்களைப் பத்திச் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போயிட்டாங்க. நல்லா இருக்காங்க."

ஒரு லாரி காற்றை அறைந்துகொண்டு கடந்து போனது. ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை.

"அவரு பதினோரு நாளா கார்ல இருந்து இறங்கல மேடம். நேத்துதான் முதல் தடவையா இறங்கினார். ஒரு தடவை விரட்டப்பட்டவங்க ரெண்டாவது தடவை போக மாட்டாங்க. இப்ப போனையும் அணைச்சிட்டார். அனுப்ப எனக்கு வேற ஆள் இல்ல."

மெர்லின் அழைப்பைத் துண்டித்தாள்.

பயமோ பரிதாபமோ வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அவளுடைய கை இண்டிகேட்டரைப் போட்டது. அடுத்த பாலத்தின் கீழ் வண்டியைத் திருப்பினாள். எழுபது கிலோமீட்டர். கையும் காலும் செய்கிற வேலையை வேறு யாரோ செய்வதைப் போலப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

*

அவருடைய கார் சுற்றுச்சுவரை ஒட்டி, வெயிலில் நின்றது. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. குணசீலன் உள்ளே ஸ்டீயரிங்கில் இரு கைகளையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மெர்லின் தட்டினாள். அவர் திரும்பவில்லை.

மறுபடி தட்டினாள். "சார், காலையில நான் பேசினது தப்பு."

அவர் அசையவில்லை.

உண்மையைச் சொல்ல முடியாது. உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று சொன்னால் அந்தக் கதவு திறக்கவே திறக்காது. மன்னிப்புக் கேட்டாயிற்று. அதற்கும் திறக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. எட்டு மாதமாக எவரிடமும் கேட்காததை இவரிடம் கேட்க வேண்டும். மனசில் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும்.

"சார், எனக்கு ஆள் வேணும்," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "என்னால தனியா இருக்க முடியல்ல. தயவு செஞ்சு இறங்கி வாங்க."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்போடுதான் சொன்னாள்.

நெடுநேரம் கழித்துக் கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

"நெசமாவாங்க?"

"நெசமாத்தான்."

அவர் கதவைத் திறந்து, காலைக் கீழே வைத்து, ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரிங்க. வெயில்ல நிக்காதீங்க. அந்தப் பக்கம் போயிரலாம்."

*

பதினாறு நாள் அவர்கள் அங்கே இருந்தார்கள்.

காலையில் இரண்டு காரும் நிழலுக்கு நகரும். சாயங்காலம் மலைப்பாதை தெரியும் மேட்டுக்கு நடந்துபோய் லாரிகள் இறங்குவதைப் பார்ப்பார்கள். குணசீலன் தாரமங்கலத்துக்காரர். முப்பத்து நாலு வருடம் லாரி ஓட்டியவர். சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது சிமெண்டா பஞ்சா என்று சொல்லிவிடுவார். மூன்றாம் நாளிலிருந்து மெர்லின் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர் அவளை ஏம்மா என்றார்.

"வீட்ல எல்லாரும் இருக்காங்கம்மா," என்றார் ஒரு நாள். "சம்சாரம், மகன், மருமக, பேத்தி. நல்லாத்தான் பாத்துக்கறாங்க. லாரிய மெசினுகிட்ட குடுத்ததும் கம்பெனியில ஒரு வருசம் என்னைய பக்கத்துல உக்கார வெச்சாங்க. பாதுகாப்புக்காம். கைய மடியில வெச்சுக்கிட்டு ஸ்டீயரிங் தானா திரும்பறதைப் பாத்துக்கிட்டே சேலத்துக்கும் நாக்பூருக்கும் போயிட்டு வந்தேன். ஒரு தப்பும் பண்ணல அது. நானாவது எங்கியாச்சும் தூங்கிருப்பேன். அப்புறம் நீங்களும் வேணாம்னுட்டாங்க. வீட்டுக்கு வந்தா கட்டில்ல படுக்க முடியல. அசையாத கட்டில்ல நான் எப்பம்மா படுத்திருக்கேன்?"

மெர்லின் தன் பங்கைச் சரியாகச் செய்தாள். தினமும் அவரிடம் எதையாவது கேட்டாள். டயரில் காற்றுக் குறைவாக இருக்கிறது என்றாள். தூக்கம் வரவில்லை என்றாள், நன்றாகத் தூங்கிய நாட்களிலும். தேவைப்படுகிறவளாக இருப்பது ஒரு வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. பல நாட்களுக்குப் பிறகு அவளுக்கு ஒரு வேலை இருந்தது.

ஒன்பதாம் நாள் ஸ்கேன் எடுத்த கதையை அவரிடம் சொன்னாள். அதைக் கேட்டவர்கள் எல்லாரும் இதுவரை ஒன்று தலையைக் குனிவார்கள், இல்லை, உன் தப்பு இல்லை என்பார்கள். குணசீலன் வேறு ஒன்று கேட்டார்.

"அந்த ரெண்டு நாளும் அவருகூட என்ன பண்ணீங்க?"

மெர்லின் யோசித்தாள். "முத நாள் குளச்சலுக்குப் போய் மீன் வாங்கினோம். நெய்மீன். அவிய அதை முள்ளில்லாம பொரிச்சுத் தாங்கன்னு என்னைய கிண்டல் பண்ணினாங்க. மறுநாள் ஸ்கூல்ல பிள்ளைகளுக்குப் போட்டி. நானும் போனேன். விசில் என் கையில குடுத்து ஊதச் சொன்னாங்க."

"ஊதினீங்களா?"

"ஊதினேன். ரெண்டு வாட்டி முன்னாடியே ஊதிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்போ அது நல்ல ரெண்டு நாள்தானம்மா," என்றார் குணசீலன். "சொல்லியிருந்தா அந்த ரெண்டு நாள் அவருக்குக் கெடச்சிருக்காது."

கீழே ஒரு லாரி வளைவில் வேகம் குறைத்து இறங்கியது. பஞ்சு, என்றார் அவர்.

*

பதினாறாம் நாள் காலை குணசீலன் காரைக் கழுவினார். கழுவி முடித்துவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே வந்தார்.

"ஏம்மா, நான் ஊருக்குப் போலாம்னு இருக்கேன். பேத்தி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் போனா நீங்க தாங்குவீங்களா?"

"போயிட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கிடுவேன்."

அவர் போகவில்லை. துணியை மறுபடி பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம போனா மனசு கேக்காது. கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நீங்க திட்டிட்டுப் போனதும் நான் அருகிருப்புக்குப் போன் போட்டேன். இனிமே என்னை அனுப்பாதீங்கன்னேன். பூர்ணிமான்னு ஒரு பொண்ணு பேசுச்சு. இதைச் சொல்லக் கூடாதுங்கய்யா, வேலை போயிரும், ஆனாலும் சொல்றேன்னு சொல்லுச்சு."

மெர்லின் அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"அந்தம்மா நிலைமை ரொம்ப மோசம்யா, நாங்க எழுதியிருக்கறதைவிட மோசம், விட்டுட்டுப் போயிராதீங்கன்னுச்சு. அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு அதுவே கூப்பிட்டுச்சு. அவங்க திரும்பி வந்துக்கிட்டு இருக்காங்க, நீங்க கண்ணாடிய ஏத்திவிட்டு உக்காந்துக்கங்க. தட்டினா ஒடனே தொறந்துராதீங்க. உதவி வேணும்னு அவங்க வாயாலயே கேக்கட்டும், கேட்டுட்டா பொழச்சுக்குவாங்கன்னு சொல்லுச்சு. அதாம்மா உங்களை அவ்வளவு நேரம் வெயில்ல நிக்க வெச்சேன். உள்ள எனக்கு உசுரே இல்ல."

போனை அணைத்துவிட்டார் என்று பூர்ணிமா சொன்னது மெர்லினின் காதில் இன்னும் இருந்தது. பதினோரு நாள் காரை விட்டு இறங்கவில்லை என்று சொன்னாளே, அது? அதையாவது கேட்டுவிடலாம். அண்ணே, அதற்கு முன்னால் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி. அவர் சொல்லிவிடுவார், எதையும் மறைக்கிறவர் இல்லை. இரண்டு பேரில் நோயாளி யார் என்று தெரிந்துவிடும்.

கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்பார்.

"அப்ப, எனக்கு முடியல்லன்னு நம்பித்தான் இத்தனை நாளும் கூட இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"மொத ரெண்டு மூணு நாளு அப்படித்தாம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் சும்மாதான் இருந்தேன்."

அவர் சிரித்தார். மெர்லினும் சிரிக்க முயன்றாள். பாதி வந்தது.

"நீங்க இறங்கி வராட்டா எனக்கு என்ன ஆயிருக்கும்னு தெரியல்லண்ணே," என்றாள். அதைச் சொல்லும்போது, பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு எழவில்லை.

குணசீலன் நிமிர்ந்து நின்றார். சரிங்கம்மா, என்றார். பழைய கார் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வளைவு வரை அப்படியே வைத்திருந்தார்.

மெர்லின் அவர் கார் நின்ற இடத்தைப் பார்த்தாள். கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை. நெஞ்சுக்குக் கீழே ஏதோ இழுத்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால்தான் என்று நினைத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட்டாள். இழுப்பு போகவில்லை. தண்ணீர் குடித்தாள். அப்போதும் போகவில்லை. கையை அங்கே வைத்து அழுத்திக்கொண்டு, அது என்னவென்று அவளுக்குப் பிடிபடும்வரை, அப்படியே உட்கார்ந்திருந்தாள். வலித்தது.